கேட்டுக்கு வெளியே நிற்கும் சட்டம்

கல்லூரி வளாகங்களில் பாலியல் வன்முறையைத் தடுக்க மாநில அரசுகள் சட்டத்துக்கு மேல் சட்டம் போடுகின்றன. சென்னைச் செய்தியைத் தமிழில் பார்த்துவிட்டு, மகளைக் கர்நாடகக் கல்லூரிக்கு அனுப்பும் தங்கவயல் குடும்பத்துக்கு அவற்றில் எது கைகொடுக்கும்?

மாரிக்குப்பம், சாம்பியன், உரிகம், கோரமண்டல். கோலார் தங்கவயலின் இந்த ஸ்டேஷன்களில் காலை ரயிலுக்குக் காத்திருக்கும் கூட்டத்தில் டிபன் டப்பாவோடு வேலைக்குப் போகும் ஆண்கள் உண்டு. கார்மென்ட்ஸ் கம்பெனிகளுக்கும் கடைகளுக்கும் போகும் பெண்கள் உண்டு. தோளில் பை மாட்டிய கல்லூரி மாணவிகளும் உண்டு. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்ட பிறகு, சுமார் 100 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெங்களூர்தான் இந்த ஊரின் பெரும்பாலான வீடுகளுக்குச் சோறு போடுகிறது. தாத்தாவும் அப்பாவும் சுரங்கத்தில் இறங்கினார்கள். பேத்தி பட்டம் வாங்கினால்தான் குடும்பம் மேலே ஏறும் என்பது இங்கே எல்லாருக்கும் தெரிந்த கணக்கு.

அந்தக் கணக்கை ஒரே நாளில் கலைத்துவிடக் கூடியது ஒன்று உண்டு. வகுப்பறையிலோ, லேபிலோ, கல்லூரி கேட்டிலோ, ரயில் பெட்டியிலோ அந்தப் பெண்ணின் மேல் விழும் ஒரு கை. அதை வீட்டில் சொன்னால் என்ன நடக்கும் என்பது அவளுக்குத் தெரியும். கையை வைத்தவனுக்குத் தண்டனை கிடைக்குமோ கிடைக்காதோ, அவள் படிப்பு நிற்கும்.

இந்த விஷயத்தில் அரசுகள் சும்மா இருக்கவில்லை. கடந்த 30 ஆண்டுகளில் வந்த சட்டங்களையும் விதிகளையும் அடுக்கினால் மேஜை நிறையும். ஆனால் தங்கவயலில் ஒரு சிக்கல் கூடுதலாக இருக்கிறது. இங்கே தமிழ் பேசும் குடும்பங்கள் அதிகம். வீட்டில் ஓடுவது சென்னை சேனல்கள். 'பெண்களைத் துன்புறுத்தினால் இனி இத்தனை ஆண்டு ஜெயில்' என்று தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் அறிவித்தால் அன்று மாலையே கோரமண்டலில் அது பேச்சாகிவிடும். அந்தச் சட்டம் மாநில எல்லையோடு நின்றுவிடுகிறது என்பதும், இந்தப் பக்கம் வேறு விதிகள் இருக்கின்றன என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

ஒரு மரணம், ஒரு சட்டம்

தமிழ்நாட்டில் கல்லூரி சார்ந்த சட்டங்கள் பெரும்பாலும் ஒரு சாவுக்குப் பிறகே வந்தன. 1996 நவம்பரில் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் பொன் நாவரசு கொல்லப்பட்டார். 1997இல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. 1998 ஜூலையில் சென்னை எத்திராஜ் கல்லூரி மாணவி சாரிகா ஷாவை, ஆட்டோவில் வந்த இளைஞர் கும்பல் ஒன்று தண்ணீரை வீசிக் கேலி செய்தது. அவர்களில் ஒருவர் மேலே விழுந்ததில் கீழே சாய்ந்து தலையில் அடிபட்ட அவர், சில நாட்களில் இறந்தார். அதே மாதம் ஈவ் டீசிங் தடுப்பு அவசரச் சட்டம் வந்தது. பிறகு அது சட்டமானது.

அந்தச் சட்டத்தில் தண்டனையைவிட முக்கியமான இரண்டு ஏற்பாடுகள் இருந்தன. கல்வி நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தன் வளாகத்தில் இது நடக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். புகார் வந்தால் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும். பஸ்சில் நடந்தால், புகார் வந்தவுடன் வண்டியை அருகிலுள்ள போலீஸ் நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அதாவது குற்றவாளியைத் தண்டிப்பதோடு, பார்த்துக்கொண்டு சும்மா இருப்பவரையும் பொறுப்பாக்கியது சட்டம். 'ஈவ் டீசிங்' என்ற விளையாட்டுத்தனமான சொல் குற்றத்தின் கனத்தைக் குறைக்கிறது என்ற விமர்சனத்துக்குப் பிறகு, 2002இல் அது 'பெண்களைத் துன்புறுத்துவதைத் தடை செய்யும் சட்டம்' என்று பெயர் மாறியது.

இந்தத் தமிழ்நாட்டுச் சட்டம் ஒரு சுற்று வழியில் கர்நாடகத்துக்கும் வந்து சேர்ந்த கதை சுவாரசியமானது. 1999இல் தென்காசி பஸ் நிலையத்தில் ஒரு பெண்ணிடம் தகாத முறையில் நடந்துகொண்டதாகத் தமிழ்நாட்டு போலீஸ்காரர் ஒருவர் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது. அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2012 நவம்பர் 30ஆம் தேதி தீர்ப்பளித்த நீதிமன்றம், தமிழ்நாட்டைப் போல் மற்ற மாநிலங்களில் தனிச் சட்டம் இல்லாததைக் கவனித்தது. தக்க சட்டம் வரும்வரை காத்திருக்க முடியாது என்று எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவுகள் போட்டது. பஸ் நிலையம், ரயில் நிலையம், தியேட்டர், பூங்கா போன்ற இடங்களில் சாதாரண உடையில் பெண் போலீசார் இருக்க வேண்டும். கல்வி நிறுவனத் தலைவர்கள் தடுப்பு நடவடிக்கை எடுக்க வேண்டும். புகார் வந்தால் போலீசுக்குச் சொல்ல வேண்டும். பஸ் ஊழியர்கள் வண்டியை போலீஸ் நிலையத்துக்கு ஓட்ட வேண்டும். நகரங்கள்தோறும் பெண்களுக்கான உதவி எண் வேண்டும்.

ஆக, சாரிகா ஷாவின் சாவில் பிறந்த ஏற்பாடுகளின் சாரம் 2012இலிருந்து கோலார் மாவட்டத்துக்கும் பொருந்தும். ஆனால் அது ஒரு தீர்ப்பின் பக்கங்களில் இருக்கிறது. பஸ் கண்டக்டருக்கும் பிரின்சிபாலுக்கும் யார் அதைச் சொன்னார்கள் என்பதே கேள்வி.

அண்ணா பல்கலைக்கழகம் காட்டியது

2024 டிசம்பர் 23ஆம் தேதி இரவு சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே ஒரு மாணவி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். நுழைந்தவர் வெளியாள். மிரட்டியதும் செல்போனில் படமெடுத்ததும் அவரே. அந்த மாணவி பயந்து ஒடுங்காமல் புகார் கொடுத்தார். அதன் பிறகு நடந்ததுதான் நாடு முழுவதும் பேசப்பட்டது. அவர் அடையாளம் தெரியும்படியான முதல் தகவல் அறிக்கை வெளியே கசிந்தது. அந்த அறிக்கை எழுதப்பட்ட விதத்தையே சென்னை உயர் நீதிமன்றம் கண்டித்தது. பாதிக்கப்பட்டவர் மேலேயே பழி போடும் நடை அது. மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை நீதிமன்றம் நியமித்தது. கசிவுக்காக மாணவிக்கு ரூ. 25 லட்சம் இடைக்கால இழப்பீடு தரவும், கட்டணம் வாங்காமல் அவர் படிப்பைத் தொடரவிடவும் உத்தரவிட்டது.

சட்டமன்றமும் வேகம் காட்டியது. பாலியல் குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டும் இரண்டு மசோதாக்கள் 2025 ஜனவரியில் நிறைவேறின. ஒன்று 1998ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்துவது. மற்றது மத்திய குற்றவியல் சட்டங்களில் தமிழ்நாட்டுக்கான திருத்தம். வழக்கு சென்னை மகளிர் நீதிமன்றத்தில் நடந்தது. 2025 மே 28ஆம் தேதி குற்றவாளி என்று தீர்ப்பு. ஜூன் 2ஆம் தேதி, 30 ஆண்டுகளுக்குக் குறையாத ஆயுள் தண்டனை.

சம்பவத்திலிருந்து தீர்ப்பு வரை ஐந்தே மாதங்கள். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்தத் தண்டனை புதிய திருத்தத்தால் வந்ததல்ல. குற்றம் நடந்தபோது இருந்த சட்டத்தின் கீழேயே வந்தது. புலனாய்வு ஒழுங்காக நடந்து, நீதிமன்றம் தினசரி வேலையாக வழக்கை எடுத்துக்கொண்டால் இருக்கிற சட்டமே போதுமான அளவு கடுமையானது. மாணவியின் துணிச்சலுக்கு ஈடாகக் கணினியும் காவல் நிலையமும் நடந்துகொள்ளவில்லை என்பதே அந்த வழக்கில் வெளிப்பட்ட ஓட்டை.

தண்டனையைக் கூட்டுவதில் மாநிலங்களுக்குள் போட்டியே நடக்கிறது. 21 நாளில் விசாரணையும் தீர்ப்பும் என்று ஆந்திரப் பிரதேசம் 2019 டிசம்பரில் 'திஷா' மசோதாவை நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவக் கல்லூரியில் 2024 ஆகஸ்ட் 9ஆம் தேதி பயிற்சி மருத்துவர் கொல்லப்பட்ட பிறகு, மேற்கு வங்கம் செப்டம்பரில் 'அபராஜிதா' மசோதாவை நிறைவேற்றியது. அதுவும் ஒப்புதலுக்காகத் தொங்கியது. மத்திய சட்டத்தோடு மோதும் மாநில மசோதாவுக்கு ஜனாதிபதியின் கையெழுத்து வேண்டும் என்பது அதைக் கொண்டு வருபவர்களுக்குத் தெரியாததல்ல. கொதித்துக்கொண்டிருக்கும் தெருவுக்கு உடனடியாகக் காட்ட ஏதாவது வேண்டும், மசோதா சுலபமானது.

கமிட்டி எங்கே?

ஜெயில் தண்டனைக்கு முன்னால் ஒரு படி இருக்கிறது. மாணவியின் வாழ்க்கையில் அடிக்கடி நடப்பது, பத்திரிகையில் வராதது, அந்தப் படியில்தான் தீர வேண்டும். பிராக்டிகல் மார்க்கைக் காட்டி மிரட்டும் லெக்சரர், தினமும் பின்தொடரும் சீனியர், ஆபாசச் செய்தி அனுப்பும் வகுப்புத் தோழன், கேலி பேசும் ஆபீஸ் ஊழியர். இவர்களை விசாரிக்கக் கல்லூரிக்குள்ளேயே ஒரு கமிட்டி இருக்க வேண்டும்.

இதன் வேர் 1997 ஆகஸ்ட் 13ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தந்த விசாகா தீர்ப்பு. அதிலிருந்து 2013இல் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் வந்தது. கல்வி நிறுவனமும் அந்தச் சட்டப்படி பணியிடமே. மாணவிகளுக்கென்று பல்கலைக்கழக மானியக் குழு தனி விதிகளை வகுத்து 2016 மே மாதம் வெளியிட்டது. இவை மத்திய விதிகள். கர்நாடகம், தமிழ்நாடு என்ற பேதமில்லை. உரிகத்தில் உள்ள கல்லூரிக்கும் மதுரையில் உள்ள கல்லூரிக்கும் ஒரே விதி.

அந்த விதிகளை நிதானமாகப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும். கமிட்டியின் தலைவி மூத்த பேராசிரியையாக இருக்க வேண்டும். ஆசிரியர்கள் இருவர், ஆசிரியரல்லாத ஊழியர்கள் இருவர், வெளியிலிருந்து பெண்கள் பிரச்சினையில் அனுபவமுள்ள ஒருவர். புகாரில் மாணவர் சம்பந்தப்பட்டிருந்தால், தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவப் பிரதிநிதிகள் மூவர். மொத்தத்தில் பாதிப் பேராவது பெண்கள். துணைவேந்தர், பதிவாளர், டீன், துறைத் தலைவர் போன்ற அதிகாரப் பதவியில் இருப்பவர்கள் கமிட்டியில் இருக்கக் கூடாது. நிர்வாகத்தின் கை கமிட்டியின் கழுத்தில் இருக்கக் கூடாது என்பதே நோக்கம்.

விசாரணையை 90 நாட்களில் முடிக்க வேண்டும். இடையிலேயே அந்த ஆசிரியர் அந்த மாணவியின் விடைத்தாளைத் திருத்தக் கூடாது என்று உத்தரவிடலாம். புகார் கொடுத்தவருக்கு வருகைப் பதிவு கெடாமல் மூன்று மாதம் வரை விடுப்பு தரலாம். குற்றம் நிரூபணமானால் மாணவனை இடைநீக்கம் செய்யலாம், கல்லூரியை விட்டே அனுப்பலாம். புகாரை நிரூபிக்க முடியவில்லை என்பதற்காக மட்டும் மாணவியைத் தண்டிக்கக் கூடாது. விதியை மீறும் கல்லூரிக்கு மானியம் போகலாம், இணைப்பும் போகலாம்.

காகிதத்தில் இவ்வளவு இருக்க, கல்லூரியில் என்ன இருக்கிறது? பல கல்லூரிகளில் கமிட்டி என்பது பரிசோதனைக் குழு வரும்போது ஃபைலில் காட்டும் ஒரு பெயர்ப் பட்டியல். வெளி உறுப்பினர் யாரென்று உள் உறுப்பினருக்கே தெரியாது. மாணவப் பிரதிநிதியைத் 'தேர்ந்தெடுப்பது' பிரின்சிபால். தேர்தலே நடத்தாத கல்லூரியில் மாணவர்கள் எங்கிருந்து தேர்ந்தெடுப்பார்கள்?

அதன் விலையை ஒடிசா 2025 ஜூலையில் பார்த்தது. பாலசோர் பக்கீர் மோகன் கல்லூரியில் துறைத் தலைவர் மீது புகார் கொடுத்துவிட்டு நடவடிக்கைக்காகக் காத்திருந்த பி.எட். மாணவி, ஜூலை 12ஆம் தேதி வளாகத்திலேயே தனக்குத் தீ வைத்துக்கொண்டார். இரண்டு நாளில் இறந்தார். துறைத் தலைவரும் பிரின்சிபாலும் கைதானார்கள். அதன் பிறகே எல்லாக் கல்லூரிகளிலும் கமிட்டி அமைக்க அரசு அவசர உத்தரவு போட்டது. விதி வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

கமிட்டி இருந்தும் விசாரணை கோணினால் என்ன ஆகும் என்பதற்கு கோவா பல்கலைக்கழக வழக்கு பாடம். 2009இல் மாணவிகள் ஒரு துறைத் தலைவர் மீது புகார் கொடுத்தார்கள். கமிட்டி விசாரித்தது, அவர் பதவி நீக்கப்பட்டார். ஆனால் பதில் சொல்ல அவருக்குப் போதிய அவகாசம் தராமல் கமிட்டி அவசரப்பட்டது என்று கூறி, 2023 மே 12ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்த நடவடிக்கையை ரத்து செய்து மறுபடி விசாரிக்கச் சொன்னது. 14 ஆண்டுகள் வீண். பயிற்சி இல்லாத கமிட்டி இரண்டு தரப்புக்கும் அநீதி செய்கிறது.

அதே வழக்கில் இந்தச் சட்டம் நாடெங்கும் சரியாக நடைமுறையாகவில்லை என்று நீதிபதிகள் வருந்தினார்கள். 2024 டிசம்பரில் கெடுவே வைத்தார்கள்: ஒவ்வொரு மாவட்டத்திலும் பொறுப்பு அதிகாரி, உள்ளூர் கமிட்டி, தாலுகாதோறும் தொடர்பு அதிகாரி. தங்கவயல் இப்போது தனித் தாலுகா. கல்லூரிக் கமிட்டி இல்லாத இடத்திலும், புகார் நிறுவனத்தின் தலைவர் மீதே இருந்தாலும், மாவட்டக் கமிட்டிதான் கதவு. தாலுகா அதிகாரியிடம் புகார் கொடுத்தால் ஏழு நாளில் அவர் அதை மாவட்டக் கமிட்டிக்கு அனுப்ப வேண்டும். கோலார் வரை போக வேண்டியதில்லை.

பெண்ணைப் பூட்டுவது கொள்கையா?

கர்நாடகத்தின் அனுபவம் இன்னொரு தவறான வழியைக் காட்டுகிறது. 2012 அக்டோபரில் பெங்களூர் ஞானபாரதி வளாகத்தில் ஒரு சட்ட மாணவி கூட்டு வன்கொடுமைக்கு ஆளானார். நூற்றுக்கணக்கான ஏக்கர் பரப்பும் இருட்டும் அன்று விவாதமாயின. 2021 ஆகஸ்டில் மைசூர் சாமுண்டி மலை அருகே ஒரு மாணவிக்கு அதே கொடுமை நடந்தது. சில நாட்களில் மைசூர் பல்கலைக்கழகம் ஒரு சர்க்குலர் விட்டது: மானஸகங்கோத்ரி வளாகத்தில் மாலை 6.30க்குப் பிறகு மாணவிகள் தனியாக நடமாடக் கூடாது. குற்றம் செய்தவன் யாரோ, கட்டுப்பாடு பெண்ணுக்கு. எதிர்ப்பு கிளம்பியதும் சர்க்குலர் திரும்பப் பெறப்பட்டது. அந்தப் பெண் ஏன் அந்த இடத்துக்குப் போனார் என்ற தொனியில் பேசிய அன்றைய உள்துறை அமைச்சர் அரக ஞானேந்திராவும் தன் பேச்சைத் திரும்பப் பெற்றார்.

கொல்கத்தா சம்பவத்துக்குப் பிறகு மேற்கு வங்க அரசும் பெண் மருத்துவர்களுக்கு முடிந்தவரை இரவுப் பணி வேண்டாம் என்றது. பாதுகாப்பு கொடுப்பது அரசின் கடமை, பெண் வேலை செய்யக் கூடாது என்று சொல்ல முடியாது என்று உச்ச நீதிமன்றம் அதைக் கண்டித்தது. பல்கலைக்கழக மானியக் குழு அமைத்த 'சக்ஷம்' குழு 2013இலேயே இதை எச்சரித்திருந்தது: பாதுகாப்பு என்ற பெயரில் மாணவிகளைக் கண்காணிப்பதும் அடைப்பதும் தீர்வாகாது. வெளிச்சம், கழிப்பறை, போக்குவரத்து, ஆலோசகர், நம்பத் தகுந்த கமிட்டி ஆகியவை வேண்டும்.

தங்கவயலிலிருந்து ரயிலில் போகும் மாணவிக்கு 6.30 மணி விதி வைத்தால் என்ன ஆகும்? கடைசி வகுப்பு, லேப், நூலகம் எல்லாம் போகும். படிப்பில் பாதிதான் மிஞ்சும்.

வழியிலும் ஓட்டை உண்டு. கல்லூரி ஏற்பாடு செய்யும் பஸ், கல்விச் சுற்றுலா, பயிற்சிக்குப் போகும் இடம் எல்லாம் மானியக் குழு விதியின்படி வளாகமே. அரசு பஸ்சும் ரயிலும் அப்படியல்ல. 2023 ஜூன் 11ஆம் தேதி கர்நாடகம் 'சக்தி' திட்டத்தில் பெண்களுக்கு அரசு பஸ்சை இலவசமாக்கியது. நல்ல காரியம். பயணச் செலவு என்ற தடை விலகியது. அந்தக் கூட்டத்தில் பெண் பத்திரமாக நிற்க முடிகிறதா என்பதையும் அதே அக்கறையோடு பார்த்தால்தான் திட்டம் முழுமையாகும். 2012 தீர்ப்பின்படி பஸ் ஊழியருக்குள்ள கடமையை ஒரு போர்டில் எழுதி மாட்ட எவ்வளவு செலவாகும்?

'காலேஜ்' போகும் குழந்தை

கர்நாடகத்தில் 11, 12ஆம் வகுப்புகளை பி.யூ. கல்லூரி என்கிறார்கள். சீருடை போட்ட 16 வயதுப் பெண் 'காலேஜ்' போகிறாள். பெயர்தான் கல்லூரி, சட்டத்தின் கண்ணில் அவள் குழந்தை. 18 வயது நிரம்பாதவர் மீதான பாலியல் குற்றத்துக்கு 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பொருந்தும். இங்கே கல்லூரியே விசாரித்துச் சமாதானம் செய்துவைக்க இடமில்லை. குற்றம் நடந்ததாகத் தெரிந்த எவரும் போலீசுக்கோ சிறார் போலீஸ் பிரிவுக்கோ சொல்லியே ஆக வேண்டும். நிறுவனத் தலைவர் தன் கீழுள்ளவர் செய்த குற்றத்தை மறைத்தால் ஓர் ஆண்டு வரை சிறை. சிறுமியின் வாக்குமூலத்தை அவள் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாத அதிகாரி பதிய வேண்டும்.

நடைமுறையில் நிர்வாகம் பெற்றோரைக் கூப்பிட்டு ஊர் பேரையும் பெண் பேரையும் சொல்லி அனுப்பிவைப்பதுண்டு. அது சமரசம் அல்ல, குற்றம். பெற்றோர் அதைத் தெரிந்துகொண்டாலே பாதிப் பேச்சு அடங்கும்.

தங்கவயலில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வட ஆற்காடு, சித்தூர், சேலம் பகுதிகளிலிருந்து சுரங்கத்துக்கு வந்த குடும்பங்களில் கணிசமானவை தலித் குடும்பங்கள். தாழ்த்தப்பட்ட சமூகத்துப் பெண் என்று தெரிந்தே பிற சமூகத்தவர் பாலியல் நோக்கோடு தொட்டாலோ பேசினாலோ, வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேரும். முதல் தகவல் அறிக்கையில் அந்தப் பிரிவு விடுபட்டால், அரசு நிவாரணமும் சேர்ந்தே விடுபடுகிறது. புகார் எழுதும்போதே சாதியைக் குறிப்பிட்டாக வேண்டும்.

அளவுகோல் ஒன்றே

எந்தக் கொள்கை நல்லது என்று அளக்க ஓர் எளிய வழி இருக்கிறது. புகார் கொடுத்த மாணவி அடுத்த செமஸ்டரில் அதே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாளா?

இந்த அளவுகோலில் 2025 ஜனவரி மசோதாக்களும் 21 நாள் சட்டமும் அதிகம் உதவாது. சென்னை உயர் நீதிமன்றம் போட்ட ஒரு வரி, மாணவியின் படிப்புக்குக் கட்டணம் வாங்காதே என்ற வரி, அதிகம் உதவும். விடைத்தாளை வேறு ஆசிரியர் திருத்தட்டும் என்ற விதி உதவும். புகாரின் விவரம் கசியாமல் காக்கும் ஊழியர் உதவுவார். 2018இல் அருப்புக்கோட்டையில் மாணவிகளைத் தவறான வழிக்கு அழைத்த உதவிப் பேராசிரியைக்கு விசாரணை நீதிமன்றம் 10 ஆண்டு தண்டனை விதித்தது 2024 ஏப்ரலில். அதற்குள் அந்த மாணவிகள் பட்டம் வாங்கி வெளியேறும் காலம் கடந்துவிட்டது. வழக்கு முடியும்வரை காத்திருக்கும் நீதி, படிப்பைக் காப்பாற்றாது.

கர்நாடக அரசு செய்யக்கூடியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. கோலார் மாவட்டக் கல்லூரிகளை இணைத்திருக்கும் பெங்களூர் வடக்குப் பல்கலைக்கழகமும், பொறியியல் கல்லூரிகளுக்கான விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும், ஒவ்வொரு கல்லூரியின் கமிட்டி உறுப்பினர் பெயர், தொலைபேசி எண், ஆண்டில் வந்த புகார்கள், முடிந்தவை எத்தனை என்று வெளியிடச் செய்யலாம். வெளி உறுப்பினரைக் கல்லூரி நிர்வாகமே பொறுக்காமல் மாவட்டப் பட்டியலிலிருந்து தரலாம். தங்கவயல் போன்ற ஊரில் கல்லூரி அறிவிப்பைக் கன்னடத்தோடும் ஆங்கிலத்தோடும் தமிழிலும் ஒட்டலாம். மகளுக்குக் கன்னடம் தெரியும். கையெழுத்துப் போடும் அம்மாவுக்குத் தமிழ்தான் தெரியும். அவளுக்குப் புரியாத உரிமையை அவள் எப்படிக் கேட்பாள்?

தங்கவயலுக்கு ஒரு வசதி ஏற்கெனவே இருக்கிறது. கோலார் மாவட்டத்துக்குள் இருந்தாலும் போலீசைப் பொறுத்தவரை இது தனி மாவட்டம், தனி எஸ்.பி. ஊரிலேயே இருக்கிறார். சுரங்கக் காலத்தின் மிச்சமான அந்த ஏற்பாட்டை, காலை மாலை ரயில் நேரத்தில் ஸ்டேஷன் வாசலில் இரண்டு பெண் போலீசாராக மாற்றினால் சட்டம் கேட்டுக்கு உள்ளே வரும்.

மீதி வேலை வீட்டில் இருக்கிறது. நடந்ததை மகள் சொன்னால் படிப்பை நிறுத்த மாட்டோம் என்ற வாக்கை அப்பாவும் அம்மாவும் முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். எந்தச் சட்டமன்றமும் நிறைவேற்ற முடியாத சட்டம் அது. அது இல்லாத வீட்டில், நாட்டிலுள்ள எந்தக் கமிட்டிக்கும் புகார் வந்து சேராது.

புகார் கொடுக்குமுன் தெரிந்திருக்க வேண்டியவை

• கல்லூரிக் கமிட்டிக்கு எழுத்தில் புகார் கொடுக்க சம்பவத்திலிருந்து மூன்று மாதம் அவகாசம். தக்க காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். தானே எழுத முடியாவிட்டால் எழுதித்தர உதவுவது கமிட்டியின் கடமை.

• கமிட்டியிடம் போனாலும் போலீசுக்கும் போகலாம். ஒன்று மற்றொன்றுக்குத் தடை இல்லை.

• பெங்களூரில் நடந்த குற்றத்தை ராபர்ட்சன்பேட்டை போலீஸ் நிலையத்திலும் பதியலாம். எல்லைப் பிரச்சினை சொல்லித் திருப்பி அனுப்ப முடியாது. 2024 ஜூலை 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். பிரதி இலவசம்.

• பின்தொடர்வது, சம்மதமில்லாமல் படமெடுப்பது, ஆபாசமாகப் பேசுவது எல்லாம் பாரதிய நியாய சன்ஹிதாவில் தனித்தனிக் குற்றங்கள். முதல் முறை பின்தொடர்ந்ததற்கே மூன்று ஆண்டு வரை சிறை உண்டு.

• வன்கொடுமைக்கு ஆளானவருக்கு அரசு மருத்துவமனையோ தனியார் மருத்துவமனையோ உடனே இலவசமாக முதலுதவியும் சிகிச்சையும் தர வேண்டும். போலீஸ் வரட்டும் என்று காக்க வைக்கக் கூடாது. துணிகளைத் துவைக்காமல், செல்போன் செய்திகளை அழிக்காமல் வைத்திருப்பது வழக்குக்கு உதவும்.

• பாதிக்கப்பட்டவரின் பெயரையோ அடையாளத்தையோ வெளியிடுவது குற்றம். பக்கத்து வீட்டாருக்கும் வாட்ஸ்அப் குழுவுக்கும் இது பொருந்தும்.

• அவசரத்துக்கு 112. பெண்கள் உதவி எண் 181. ரயிலில் 139. 18 வயதுக்குக் கீழ் என்றால் 1098.